நான்கு நட்சத்திரமும் ஒரு தலையணையும்

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் காக்கைகூட விறைத்து நின்று சல்யூட் அடிக்கும். ராணுவத்துக்கு ஒரு ஜெனரலையே கொடுத்த தெரு இது. சரி, கொஞ்சம் ஊதிவிட்டேன். ஜெனரல் இல்லை, ஹவில்தார். எதிர்வீட்டு ஆரோக்கியம்மாளின் ஒரே மகன் பிரகாசம். காக்கையும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது.

ஆரோக்கியம்மாள் ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கும் இடத்தில் வேலை பார்த்தவள். சட்டையில் தோள்பட்டை வைத்துத் தைப்பதுதான் அவள் பங்கு. புருஷன் சீக்கிரம் போய்விட்டான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தோள் தைத்தவளுக்கு, சிப்பாயாகச் சேர்ந்த தன் பிள்ளையின் தோள் வெறுமையாக இருந்தது உறுத்திக்கொண்டே இருந்தது.

சிப்பாயும் அதிகாரியாகலாம். பரீட்சை எழுதி, தேர்வுக் குழு முன்னால் சில நாள் நின்று தேறினால் டேராடூனில் படிக்கவைப்பார்கள். படிப்பு முடிகிற அன்று பிள்ளையின் தோளில் வீட்டு மனிதர்கள் நட்சத்திரம் குத்துவார்கள், ஆளுக்கு ஒரு தோள். பிரகாசம் இதைச் சொன்ன மறுநாளே அவள் ஆவடிக் கடையில் நான்கு நட்சத்திரம் வாங்கிவந்தாள். தோளுக்கு இரண்டு.

அதற்குள் அவள் கைக்கு நடுக்கம் வந்துவிட்டது. தலையணைக்கு மகனின் பழைய சட்டையை மாட்டி, தினமும் குத்திக் குத்திப் பழகுவாள். தலையணைக்கு எப்போது சம்பள உயர்வு என்று நான் சீண்டுவேன்.

"சிரிச்சிக்கோ. அத்தினி பேர் எதுர்ல என் கை ஆடுச்சின்னா, புள்ளைக்கில்ல அசிங்கம்?" என்பாள்.

முதல் இரண்டு தடவை எழுத்துப் பரீட்சையிலேயே நின்றுபோனான். மூன்றாவது தடவை தேறி, பெங்களூரில் தேர்வுக் குழு வரைக்கும் போனான். அதற்குமேல் வயது இடம் கொடுக்காது.

அங்கே யாருக்கும் பதவி கிடையாது, நெஞ்சில் ஒரு எண் மட்டும். ஒரு பள்ளம், ஒரு கயிறு, ஒரு பலகை. எல்லோரும் சேர்ந்து தாண்டவேண்டும். ஒரு கர்னலின் மகன், காலேஜ் பையன், பலகையை இப்படிப் போடு என்றான். அது எட்டாது என்று பிரகாசத்துக்குக் கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் வாய் தானாக "ஜீ சாப்" என்றது. தோள் தானாகப் பலகையைத் தூக்கியது. இத்தனை வருஷம் அதற்குத்தானே சம்பளம் வாங்கினான். பலகை பள்ளத்தில் விழுந்தது. குழு அவனைத் திருப்பி அனுப்பியது.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னான். அவள் தலையணையிலிருந்து சட்டையைக் கழற்றி, துவைத்து, கொடியில் போட்டாள். அன்றைக்கு நான் சீண்டவில்லை.

போன மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். லீவு கிடைத்து ஓடிவந்த பிரகாசம், பெட்டியை மூடுமுன் அவள் விரல்களைப் பிரித்து, நட்சத்திரங்களை உள்ளே வைத்து மறுபடி மூடினான். அந்தக் கை அப்போது நடுங்கவில்லை. நான்கு நட்சத்திரமும் அவளோடு மண்ணுக்குள் போயின என்று எழுதி, இந்தக் கதையை முடித்திருந்தேன்.

பிரகாசத்தின் மனைவி ஜாஸ்லினுக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவள், கடைசி வரியில் கையை நிறுத்தினாள்.

"நாலும் இல்ல ஆயா, ரெண்டுதான் வெச்சாரு. வயசு தாண்டுனவங்களுக்கும் வேற வழி ஒண்ணு கீதாம், அதுக்கு எழுதிப் போட்டுகீறாரு. அத்தைக்கு ஒரு தோளுதான். இன்னொரு தோளு என்னுது. அந்த ரெண்டும் ஊட்லதான் கீது."