நின்று படித்த நூலகம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பல வருடம் தையல் மெஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்ததில் என் இடுப்பு போய்விட்டது. அந்த வேலையில் இருந்துகொண்டேதான் அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்தேன். வேலூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தபோது, இனி குனிய வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது.

எனக்கு வேண்டிய பழைய புத்தகங்களை வெளியே தரமாட்டார்கள். நூலகத்திலேயே படிக்க வேண்டும். அங்கே இரும்பு நாற்காலி. உட்கார்ந்தால் என் கால் தரையில் படாது. கொஞ்ச நேரத்திலேயே இடுப்பிலிருந்து பாதம்வரை வலி சுண்டி இழுக்கும். என்னோடு சேர்ந்த வாணியம்பாடித் தோழி தன் துப்பட்டாவை மடித்து முதுகுக்கு வைத்துப் பார்த்தாள். பயனில்லை. பிறகு அவள்தான் மூலையில் சும்மா கிடந்த மர அலமாரியைக் காட்டினாள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் புத்தகப் பட்டியல் அட்டைகளை அதில்தான் அடுக்கி வைத்திருந்தார்களாம். என் நெஞ்சு உயரம். அதன்மேல் புத்தகத்தை விரித்து, நின்றபடியே படித்தேன். இரண்டு அத்தியாயம் அப்படித்தான் எழுதினேன். அந்த மாதங்களைப் போல் நான் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

கோடை விடுமுறையில் நூலகத்தைப் புதுப்பித்தார்கள். திரும்பி வந்தபோது அலமாரி இல்லை. அந்த இடத்தில் தாழ்வான சோபாக்கள். ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன், எழ முடியவில்லை. தோழிதான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

நூலகரிடம் உயரமான மேஜை ஒன்று கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. உன் ஒருத்திக்காக இன்னாம்மா பண்றது?"

தோழி துறைத்தலைவர்வரை போய்க் கேட்டாள். பார்க்கலாம் என்றாராம். மாத்திரை போட்டுக்கொண்டு மழைக்காலம்வரை அந்த இரும்பு நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். ஒருநாள் எழுந்தபோது இடது கால் மரத்துப்போய், எல்லோர் முன்னாலும் விழுந்தேன். இனி நீண்ட நேரம் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆராய்ச்சியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் ஏன் என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

பஸ் ஏற்றிவிட வந்த தோழி, "நீ போய்ட்டா நான் அங்க யார் கூட பேசறது?" என்றாள்.

இப்போது பழைய கம்பெனியிலேயே நின்றபடி சரக்கைச் சோதித்து அனுப்பும் வேலை. அவள் முனைவர் ஆகிவிட்டாள். பட்டமளிப்பு விழாவுக்குக் கூப்பிட்டாள். போக மனம் வரவில்லை. அங்கி போட்டு எடுத்த படத்தை அன்று மதியமே அனுப்பியிருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பார்த்துவிட்டு, கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன்.