எதிர்த்தரப்புக்கு ஆள் தேவை

சமூகவியல் நடத்துகிறவனுக்குப் பாடம் கொஞ்சம் முன்னே பின்னே தெரிந்தாலும் சமாளித்துவிடலாம். தான் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆவடி பக்கம் ஒரு கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளர். ஏப்ரல் வந்தால், அடுத்த வருஷமும் கூப்பிடுவார்களா என்று ஆபீஸ் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பேன். என்னைப் போலப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மதியச் சாப்பாடு

எங்கள் துறையில் என்னோடு சேர்த்து ஐந்து பேர். சாப்பாட்டு நேரத்தில் விவாதம் அனல் பறக்கும். இந்த வருஷத் தலைப்பு, ஆக்கிரமிப்பு என்று சொல்லப்படும் ஏரிக்கரை வீடுகளை இடிக்கலாமா, கூடாதா என்பது. மேஜையைத் தட்டுவார்கள், குரல் எகிறும். யார் யாரை எதிர்க்கிறார்கள் என்று நானும் கவனித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. நாலு பேருமே இடிக்கக் கூடாது என்றுதான் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்புறம் எதற்குச் சண்டை என்று பக்கத்து நாற்காலி சாந்தி மேடத்திடம் மெதுவாகக் கேட்டேன்.

"சண்டையா? கலந்து பேசிட்டிருக்கோம் சார். நீங்கதான் ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்திருக்கீங்க, எல்லாருக்கும் ஒரு மாதிரியா இருக்கு."

கீழ்வீடு

பட்டாபிராமில் நான் குடியிருக்கும் ஃப்ளாட்ஸின் தரைத்தளத்தில் போன மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர். ஏரியை அடைத்து வீடு கட்டியதால்தான் என்று அங்கே எல்லோரும் ஒரே முடிவு. கீழ்வீட்டு ராமலிங்கம் சார், ஃபேக்டரியில் ஓய்வு பெற்றவர், ஊறிப்போன மெத்தையைக் காட்டிப் பேசினார். பாவமாக இருந்தது. அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஆமாம் சார் என்றேன். அவர் நம்பவில்லை.

"நீங்க சோசியாலஜி ஆளு. இங்க ஆமாம்னுட்டு, காலேஜ்ல போய் ஏரிக்கரைக்காரங்களுக்குக் கொடி பிடிப்பீங்க."

கருத்தரங்கம்

கல்லூரியை மதிப்பிட ஒரு குழு வருவதாகச் செய்தி. துறைத்தலைவர் மேடம் உடனே, அவர்கள் வரும் நாளிலேயே 'கருத்துப் பன்மை' என்று ஒரு கருத்தரங்கம் வைத்தார். இடிக்கக் கூடாது என்று பேச ஆள் தயார். இடிக்கலாம் என்று பேசத்தான் ஆளில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏப்ரல் மாதம் வேறு. மாட்டேன் என்றா சொல்வேன்? கீழ்வீட்டு மெத்தையை நினைத்துக்கொண்டு வெளுத்து வாங்கினேன். பேசப் பேச எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, அதுதான் பயமாக இருந்தது.

வெளியே வந்தால் மூன்றாம் ஆண்டு மாணவன் மணி நிற்கிறான். கோவில்பதாகை பக்கம் அவன் வீடு, ஏரிக்கரையிலேயே. அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவன் கோபித்திருந்தால்கூடத் தேவலை, சந்தேகம் கேட்டான்.

"சார், போன மாசம் கிளாஸ்ல இடிக்கக் கூடாதுன்னு நடத்தினீங்க, கரெக்டா இருந்துச்சு. இன்னிக்கு சொன்னதும் கரெக்டா கீது. இப்ப இன்னா சார், எங்க ஊடு இருக்கலாமா, கூடாதா?"

நீட்டிப்பு

மறுவாரம் துறைத்தலைவர் மேடம் அறைக்குக் கூப்பிட்டார். அன்று பேசியது என் கருத்தே இல்லை என்று சொல்லிவிடத் தீர்மானித்துத்தான் போனேன். மணிக்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டுமே. "மேடம், அன்னிக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"அதுதான் சார் குழுவுக்கே பிடிச்சது! துறையில மாற்றுக் கருத்து இருக்குன்னு பாராட்டினாங்க. உங்களுக்கு அடுத்த வருஷமும் உண்டு. ஆனா ஒண்ணு, கருத்தை மட்டும் மாத்திக்காதீங்க."

ஆக, நான் என்ன நினைக்கிறேன் என்பது அடுத்த வருஷம் முழுக்கத் துறைக்குத் தெரியும். எனக்கும் மணிக்கும்தான் தெரியவில்லை.