மடியில் வந்த பூகோள உருண்டை

இன்று மதியம் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கரி எரித்து ஓடும் பஸ்ஸில் வந்தேன். மடியில், பழைய சேலையில் சுற்றிய பூகோள உருண்டை.

காலையில் எங்கள் பள்ளியில் இன்ஸ்பெக்ஷன். பிள்ளைகள் தரை கொள்ளாமல் இருக்கிறார்கள். ஒரு பெஞ்சு கிடையாது. நாளை இன்ஸ்பெக்ஷன் நடக்கப்போகும் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளியில் பெஞ்சு நிறைய உண்டு. உட்காரத்தான் பிள்ளைகள் இல்லை. உருண்டை மட்டும் இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே ஒன்றுதான். அது இல்லாத பள்ளிக்குக் சர்க்கார் கிராண்ட் நின்றுவிடும்.

பஸ் கிளம்பிய பிறகுதான் பார்த்தேன். எதிர் சீட்டில், காலையில் எங்கள் பள்ளிக்கு வந்த அதே இன்ஸ்பெக்டர். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத இந்தக் காலத்தில் அவருக்கும் இதே பஸ்தான்.

"என்ன டீச்சரம்மா, பூசணிக்காயா?"

"ஆமாங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறவள் நான்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கிக் குதித்தது. சேலை அவிழ்ந்து, உருண்டை உருண்டு, அவர் காலடியிலேயே போய் நின்றது.

குனிந்து எடுத்தார். இலங்கை இருக்க வேண்டிய இடத்தில் இருந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். கோபம்கூட இல்லை, அலுப்புதான்.

"பத்திரமா வச்சுக்கிடுங்கம்மா. நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல பார்க்கணும், பொறவு வத்திராயிருப்புல பார்க்கணும். போன வாரம் சாத்தூர்ல பார்த்தப்ப இதுல இலங்கை இருந்துச்சு."

திருப்பித் தந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மற்றப் பள்ளி டீச்சர்களே, அடுத்து எந்த ஊருக்கு உருண்டை வேண்டுமோ, சீக்கிரம் சொல்லியனுப்புங்கள். ஓட்டை இராமேஸ்வரத்தை நெருங்குகிறது.