ஒரு தடவை கேட்கிற தேசம்

மலாயாவுக்கு வந்த புதிதில் நான் பல நாள் டீ குடிக்காமல் திரும்பியிருக்கிறேன். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்கு டிரெஸ்ஸர் உத்தியோகம். புண்ணுக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கிற வேலை. வாரம் ஒருமுறை நோயாளிகளின் நிலவரம் சொல்ல மானேஜர் தொரையின் பங்களாவுக்குப் போகவேண்டும். "வுட் யூ லைக் டு ஹேவ் டீ?" என்று கேட்பார். "நோ சார், தேங்க்யூ" என்பேன். அவ்வளவுதான், டீப் பாத்திரம் தன் இடத்துக்குப் போய்விடும். அவர் தன் கோப்பையை உறிஞ்சிக்கொண்டே நான் சொல்வதைக் கேட்பார். எனக்கோ மலையேறி வந்த களைப்பில் தொண்டை காய்ந்திருக்கும். இன்னொரு தரம் கேட்டால் இந்த மனுஷனுக்கு என்ன குறைந்துவிடும் என்று வயிற்றெரிச்சலோடு ஜாகைக்கு நடந்து வருவேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் கேள்விக்கு "வேணாம்" என்றுதான் சொல்வார்கள். அதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாம் தரம் கேட்டால் "இப்பத்தான் குடிச்சேன்" என்பார்கள். மூன்றாம் தரம் "அட, சும்மா குடிங்க" என்று ஓர் அதட்டல் விழும். அதன்பிறகு, நமக்கு வேண்டியதில்லை, வீட்டுக்காரர் மனம் கோணக்கூடாதே என்பதுபோல வாங்கிக் குடிப்போம். கேட்டவுடன் கை நீட்டுகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். கல்யாணமான புதிதில் என் மனைவி பேச்சி மோர் ஊற்ற வந்தால் நான் இலையைக் கையால் மறிப்பேன். அவள் கேட்கவே மாட்டாள். என் விரல் இடுக்கு வழியாகவே ஊற்றிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைச் சில மாதங்கள்தான் பார்த்தேன். பிறகு நாகப்பட்டினத்தில் கப்பலேறிவிட்டேன்.

இங்கே இங்கிலீஷ் தெரியாமல் பிழைக்க முடியாது என்று ஒரு பழைய பாடப்புத்தகத்தை வாங்கிப் படித்தேன். அதில் ஒரு பாடம் முழுவதும் வான்ட், விஷ், ஹோப், அக்ரீ, ரெஃப்யூஸ் என்று மனசின் காரியங்களாகவே வரும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் 'டு' என்று ஒரு பொடி வார்த்தை. அதற்கும் பின்னால்தான் செய்யவேண்டிய வேலை. ஐ வான்ட் டு கோ. ஐ ஹோப் டு கோ. ஐ ரெஃப்யூஸ் டு கோ. வெள்ளைக்காரனுக்கு ஆசை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதலில் வருகிறது, பயணம் அதன் பின்னால் நடக்கிறது. நாம் 'போகணும்' என்று சொன்னால் போவதுதான் முன்னால் நிற்கும். ஆசை அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் முன்னால் அந்த வாலையும் மென்று விழுங்கிவிடுவோம். நோயாளிகள் குறைவான மத்தியானங்களில் நான் இந்த வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பழகினேன். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பெரியவர் ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து, யுத்தம் இந்தப் பக்கமும் வரும் என்ற பேச்சு அடிபட்டது. தொரை என்னையும் ஞானமுத்துவையும் ஒன்றாகக் கூப்பிட்டு அனுப்பினார். ஞானமுத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி. போடி கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற வேதக்காரக் குடும்பம், என் சிநேகிதன். ஊருக்குப் போக ஒருவருக்குத்தான் லீவு, கப்பலிலும் ஓர் இடம்தான் கிடைத்திருக்கிறது என்றார் தொரை. நான் சீனியர் என்பதால் என்னை முதலில் பார்த்தார். "டு யூ வான்ட் டு கோ ஹோம்?"

அந்தக் கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். பதிலும் நாக்கில் இருந்தது. பேச்சியின் முகம் கண்ணில் வந்து நின்றது. "நோ சார், ஐ ஆம் ஆல் ரைட் ஹியர்" என்றேன்.

டீ விஷயத்தில் பட்ட பிறகும் புத்தி வரவில்லையா என்று கேட்பீர்கள். டீக்கு யெஸ் சொல்ல அதற்குள் பழகியிருந்தேன். இது டீ இல்லையே. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு உறுதியாக வேண்டாம் என்று சொல்லித்தான் நான் வளர்ந்தேன். பக்கத்தில் சிநேகிதன் நிற்கும்போது முந்திக்கொண்டு கை நீட்டவும் கூசியது. தொரை இன்னொரு தரம் கேட்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் "குட் மேன்" என்று சொல்லிவிட்டு ஞானமுத்துவின் பக்கம் திரும்பினார். மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையான அவன் உடனே, "யெஸ் சார், ஐ வான்ட் டு கோ" என்றான்.

வெளியே வந்ததும், "நெசமாத்தான் சொன்னியாப்பா?" என்று கேட்டான்.

"நீ போயிட்டு வாப்பா" என்றேன். அவனாவது மறுபடி கேட்பான் என்று நினைத்தேன். அவன் மூட்டை கட்டுகிற அவசரத்தில் இருந்தான். சில வாரங்களில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். கடல் அடைபட்டது. தபால் இல்லை, தந்தி இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரை வைத்துக்கொண்டிருந்தோம். பட்டினியைவிட என்னைத் தின்றது அந்த ஒரு கேள்விதான்.

யுத்தம் முடிந்து, லீவு வாங்கி, முதல் கப்பல்களில் ஒன்றில் ஊர் திரும்பினேன். நான் போகும்போது தேனி வழியாக ஓடிய ரயிலைக் காணோம். யுத்தத்துக்கென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்களாம். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். அம்மா கண்ணை மூடி இரண்டு வருஷமாகியிருந்தது. பக்கத்தில் இருந்து எல்லாம் செய்தவள் பேச்சிதான். அவள் என்னைப் பார்த்து அழவில்லை. கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, இலை போட்டாள். பாதிச் சாப்பாட்டில் மோர்ச் செம்போடு வந்து, "ஊத்தட்டா?" என்றாள். எனக்குப் பழைய சந்தோஷம் பொங்கிவந்தது. இலையைக் கையால் மறித்து, "போதும்" என்றேன்.

அவள் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சோற்றை எப்படித் தின்று முடித்தேன் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவளே பேசினாள்.

"போடிக்கார அண்ணன் வந்து சொன்னாக. தொரை ஒங்களத்தான் மொதல்ல கேட்டாகளாம். நீங்க மாட்டேன்னுட்டீகளாம்."

ஞானமுத்துவைக் குறை சொல்லமுடியாது. காதில் விழுந்ததைச் சொல்லியிருக்கிறான். "அவுக ரெண்டாந்தரம் கேப்பாகன்னு நெனச்சேன் பேச்சி" என்றேன்.

"கேட்டிருந்தா வந்திருப்பீகளா?"

"ஓடி வந்திருப்பேன்."

"எனக்காக ஒருவாட்டி வெக்கத்த விட்டிருக்கலாமுல்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

லீவு தீர்கிற வரைக்கும் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. எதையும் இரண்டாம் தரம் கேட்கவுமில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள், "எங்கூட மலாயாவுக்கு வாரியா?" என்றேன்.

"வேணாம்" என்றாள்.

நான் விடவில்லை. "வா பேச்சி" என்றேன். "அங்கன எனக்கு யாரு இருக்கா" என்றாள். மூன்றாம் தரமும் கேட்டேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"போயிட்டு மறுபடி வந்து கேளுங்க. அப்பச் சொல்றேன்."

இங்கே வந்து ஒரு வருஷமாக அந்த வார்த்தையைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். வெள்ளைக்காரனிடம் சொன்னால், அது நோ என்று முடித்துவிடுவான். ஊரில் யாரிடமாவது சொன்னால், அது சம்மதம்தான் என்று சிரிப்பார்கள். எனக்கு இரண்டும் உறுதியாகத் தெரியவில்லை. போய்க் கேட்டால்தான் தெரியும்.

நேற்றுப் பங்களாவுக்குப் போனேன். இப்போது இருப்பவர் புதுத் தொரை, சின்ன வயசு. அவர் என்னை எதுவும் கேட்பதற்குள், வாசற்படியில் நின்றபடியே, "சார், ஐ வான்ட் டு கோ ஹோம்" என்றேன். ஆயுசில் முதல் தடவையாக ஒருவர் கேட்காமல் என் ஆசையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டாலும், "ஆஃப் கோர்ஸ், அடுத்த கப்பலுக்கே ஏற்பாடு செய்யலாம்" என்று இங்கிலீஷில் சொல்லி என்னை உட்காரச் சொன்னார். கோப்பையை என் முன்னால் வைத்து, "வுட் யூ லைக் டு ஹேவ் சம் டீ?" என்றார்.

"யெஸ் சார், ப்ளீஸ்" என்றேன், தெளிவாகத்தான் சொன்னேன்.

பாத்திரத்தைச் சாய்க்கப் போனவர் அப்படியே நிறுத்திவிட்டு, என் வாயையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். என் வலது கை கோப்பையை மூடிக்கொண்டிருந்தது.