கடிதங்களின் அடியில் இருந்த பெயர்

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கடை முதலாளி போன் செய்தார். "மெர்சி போயிட்டா புள்ள. டெங்குக் காய்ச்சல். விடியக்காலம், ஆஸ்பத்திரியில."

இரத்தோட்டையில் உள்ள எங்கள் கொமினிகேஷன் கடையிலிருந்து ஈமெயில் பெற்ற உங்கள் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். அது எப்படி அங்கே வந்தது என்பது தெரியாது.

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குத் தனி ஈமெயில் கணக்கு இல்லை. கடையின் கணக்கு ஒன்றுதான். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு என் பெயரைச் சொல்லவே கூச்சம். என்னோடு வேலை செய்த மெர்சி அக்கா ஒரு நாள் கணக்கின் அமைப்புகளைத் திறந்தார். கையொப்பம் என்ற பெட்டியில் என் பெயரையும் ஊரையும் எழுதினார். இனி எல்லாக் கடிதங்களின் கீழும் அது தானாகவே போகும்.

"ஐயோ, வேணாங்க்கா."

"நீ வாயத் தொறந்து சொல்லவா போற? கம்ப்யூட்டராவது சொல்லட்டும்டி."

பிறகு ஒரு தாய் வந்தார். கொழும்பில் வேலை செய்த அவருடைய மகனைச் சந்தேகத்தின் பேரில் பொலிஸார் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். "எம் பேரப் போட்டுறாத தாயி, மத்தப் புள்ளைங்க இருக்கு" என்றார். மகனைத் தேடித் தரும்படி வெளிநாட்டு மனித உரிமை அலுவலகம் ஒன்றுக்கு எழுதினோம். அடியில் என் பெயர் மட்டும் போயிற்று.

சீருடை இல்லாத இரண்டு பொலிஸ்காரர்கள் அந்தக் கடிதத்தின் பிரதியோடு வந்தார்கள். என் பெயரை வாசித்து, யார் இது என்று சிங்களத்தில் கேட்டார்கள். அதே பெயரோடு என் அடையாள அட்டை மேசையின் இழுப்பு லாச்சியில் இருந்தது.

மெர்சி அக்கா அவர்களைக் கம்ப்யூட்டருக்கு அருகே அழைத்தார். பெட்டியில் என் பெயரை அழித்தார், தன் பெயரை எழுதினார், வெறும் கடிதம் ஒன்றை அனுப்பிக் காட்டினார். இதில் எந்தப் பெயரைப் போட்டாலும் கடிதத்தின் அடியில் விழும், கணக்கு என் பொறுப்பு, கேட்பதை என்னிடம் கேளுங்கள் என்றார்.

அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொழுது சாயும் வரை கடை வாசலையே பார்த்திருந்தேன்.

"யாரு எழுதச் சொன்னான்னு அதையே கேட்டானுங்க. ஞாபகமில்லன்னேன். தேத்தண்ணி குடுத்தானுங்க, சீனிதான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார். அவர் என் பெயரைத் திரும்பப் போடவில்லை. "எம் பேரே கெடக்கட்டும். உன்னத் தேடி வரமாட்டானுங்க."

அந்தத் தாய்க்காக மறுபடியும் எழுதினோம்; மகன் உயிரோடு இருக்கிறான் என்ற பதில், "அன்புள்ள மெர்சி" என்றுதான் தொடங்கியது.

நேற்று முதலாளி அந்தப் பெயரை எடுத்துவிட்டுக் கடைப் பெயரைப் போடச் சொன்னார். சந்தியில் சோதனைச் சாவடி இன்னும் இருக்கிறது. எனக்குப் பயமும் இருக்கிறது. ஆனால் அனுப்பிய கடிதத்துக்குப் பொறுப்பேற்று ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். கீழே உள்ள பெயரை இம்முறை நானே எழுதினேன்.

செல்வமலர்
இரத்தோட்டை