கறுத்த முட்டைகள்

ஆய்வுக்கூடத்தில் அந்துப்பூச்சி வளர்ப்பது அவள் வேலை. ஆணையும் பெண்ணையும் கூண்டில் விட்டு, தேன்தண்ணீர் நனைத்த பஞ்சைத் தொங்கவிட்டு, முட்டைகள் பொரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். "கல்யாணத் தரகரெல்லாம் உன்கிட்ட பிச்சை வாங்கணும்க்கா" என்பான் தம்பி.

போன வருஷம் கடும் விஷத்தைத் தெளித்துவிட்டு வரப்பிலேயே சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவன் அவன். இந்தத் தடவை அக்கா சொல்லைத் தட்டாமல், முட்டைக்கோஸுக்குப் பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து அடித்திருந்தான். ஆனால் பொழுது சாய்ந்தால் பூச்சிகள் வழக்கம்போலப் பறந்தன.

"உன் மருந்தைக் குடிச்சு நல்லா கொழுத்துத் திரியுதுங்க. அந்தப் பழைய விஷத்தையே ஒரு பாட்டில் வாங்கிட்டேன்" என்றான் போனில்.

"திறக்காதேடா, வர்றேன்."

வயலில் இறங்கியதும் சொன்னாள்: "பறக்கிறது சாகும்னா சொன்னேன்? அது இடுற முட்டை பொரியாதுன்னுதானே சொன்னேன்?"

அவன் ஒரு இலையைத் திருப்பிக் காட்டினான். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி.

"அத்தனையும் புழுத்தலை. நாளைக்கு என் பொழைப்பைத் தின்னப்போகுது."

அவள் இலையை வாங்கிப் பார்த்தாள். நல்ல முட்டையும் பொரிவதற்கு முன் இப்படித்தான் கறுக்கும். மருந்து பட்ட முட்டையிலும் புழு உருவாகலாம். ஆனால் புழுவின் தோல் இறுகாததால் முட்டையோட்டை உடைக்க அதற்குத் தெம்பிருக்காது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

"சத்தியமா எனக்கும் தெரியலடா. காலையில வரைக்கும் பொறு."

"பொரிஞ்சுட்டா?"

"அப்புறம் பாட்டிலைத் திறக்கறது உன் இஷ்டம்."

பல செடிகளிலிருந்து இலைகளைக் கிள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து, டப்பாவில் வைத்து, துணியால் மூடினார்கள்.

"சாப்பாட்டு டப்பாவுலயா? இனிமே அது உங்களுக்குத்தான் அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

விடிந்ததும் அக்காவை முந்திக்கொண்டு தம்பிதான் துணியை விலக்கினான். நாலைந்து புழுக்கள் நெளிந்தன. மற்ற முட்டைகள் கறுப்புத் தலையோடு அப்படியே சுருங்கிக் கிடந்தன. அவள் கையிலிருந்த லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

"கதவு வரைக்கும் வந்துட்டு வெளியே வர முடியல."

"வந்ததும் இருக்கேடா" என்றாள் அவள், மறைக்க மனமில்லாமல்.

"அதைக் கையால நசுக்கிக்கறேன்."

உள்ளே போய், மூடி திறக்காத விஷப் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் பையில் வைத்தான்.

"போற வழியில கடையில திருப்பிக் கொடுத்துடு. நான் போனா வேற எதையாவது என் தலையில கட்டிடுவான்."