அப்பா கண்ட ஏவுகணை

'நான் பொய் சொல்லமாட்டேன்' என்று ரீச்சர் என்னை ஐம்பது தடவை எழுத வைத்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் சொன்னது பொய்யே அல்ல!

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் குடியேறியிருந்த வெள்ளைக்கார ஊரான வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப்பிள்ளை நான். ரீச்சர் போர்க்காலத்தில் லண்டனில் சிறுமியாக இருந்தவர். ஜெர்மனி கடைசிக் காலத்தில் ஏவிய பெரிய ஏவுகணைகளைப் பற்றி அன்று சொல்லிக்கொண்டிருந்தார். சத்தத்தை விட வேகமாக வந்து விழுமாம், தரையில் நின்ற எவரும் அதைக் கண்டதே இல்லையாம். நான் கையை உயர்த்தி, என் அப்பா கண்டவர் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சர் முகம் சிவந்து, பொய்க்காரி என்றார்.

அப்பா அந்த நாட்களில் லண்டனில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். தெளிந்த காலையொன்றில் விடுதியின் கூரையில் நின்று, கிழக்கே வெகுதூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மேலே ஏறுவதைக் கண்டாராம். ஐந்து நிமிடம் கழித்து நகரத்தில் எங்கோ வெடித்ததாம். விழும்போது காண முடியாது, கிளம்பும்போது காணலாம் என்று எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். "ரீச்சரோட வாய் காட்டினனியோ?" என்று அம்மா குசினியில் சமைத்துக்கொண்டே என்னை ஏசினார். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு நியாயம் எப்போதும் வாத்தியார் பக்கம்தான். அப்பா மட்டும், "கண்டது கண்டதுதான். நாளைக்கு நானே வந்து சொல்லுறன்" என்றார்.

மறுநாள் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். ரீச்சர் அவரை இருக்கக்கூடச் சொல்லவில்லை. அப்பா வானத்தில் கண்ட வெள்ளைக் கோட்டைப் பற்றித் தொடங்கியதும் ரீச்சர் குறுக்கிட்டார். தன் தம்பி அப்படியொரு ஏவுகணையில்தான் செத்துப்போனான் என்றார். அன்று காலை அவனை ரொட்டிக்கடைக்குப் பாண் வாங்க அனுப்பியது தான்தான் என்றும், அது வருவது முன்கூட்டியே ஒருவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றும் சொன்னார். பிறகு, "அப்படித்தானே?" என்று அப்பாவிடமே கேட்டார்.

அப்பா ரீச்சரின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் நிதானமான ஆங்கிலத்தில், தான் கண்டது ஏதோ முகிலாக இருக்கும் என்றார். மகள் சொன்னதற்காக மன்னிப்பும் கேட்டார்.

என் காதுகளையே என்னால் நம்ப முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவர் கையைப் பிடிக்க மறுத்தேன்.

"நீங்கள்தான் பொய் சொன்னனீங்கள்!" என்று தெருவில் நின்று கத்தினேன்.

"ஓம் பிள்ளை" என்றார் அப்பா.

அவரும் வாத்தியாருக்குப் பயந்தவர்தான், அதிலும் வெள்ளைக்கார வாத்தியார் என்றதும் அடங்கிப்போய்விட்டார் என்று முடிவுகட்டினேன். வாரக்கணக்கில் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்து நிமிடம் என்பது ஒரு பையன் பாண்கடையிலிருந்து வீட்டுக்கு ஓடிவரப் போதுமான நேரம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.